கை மாறிய நாடி

அத்தியாயம் 11

"கழட்டுடா அதை முதல்ல!"

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"கழட்டிட்டுச் சொல்லு!"

"அவனை ஏன் திட்டறே? நான்தான்…"

"நீங்க வாயைத் திறக்காதீங்க! மூச்சு வாங்குது, பேசாம உட்காருங்க. இவனை முடிச்சுட்டு உங்ககிட்ட வரேன்."

"உட்கார்ந்துதாம்மா இருக்கேன். மூணு மாசமா எனக்கு அது ஒண்ணுதானே வேலை."

"இந்த நேரத்துலயும் உங்களுக்குக் கிண்டல்!"

திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. சமையலறைத் தொட்டியில் கை கழுவ வந்த தம்பி, பழக்கதோஷத்தில் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டான். அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்தச் சட்டைக்குள் ஒளிந்திருந்த கறுப்புப் பட்டை, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டை. அக்காவின் கணவர் கையில் இருக்க வேண்டியது.

அவரைத் தெருவே 'டிரைவர்' என்றுதான் கூப்பிடும். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிப்போய், ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். மனைவி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அங்கே இருக்கும் இருபது பேருக்கும் அவள் 'அக்கா'. சொந்தத் தம்பி மேலே மொட்டைமாடி அறையில் இருக்கிறான். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்பதால் சின்ன வயதிலேயே 'பம்பரம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

யாருக்கு முதலில் ஆபரேஷன் என்பதை இப்போதெல்லாம் டாக்டர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. பட்டை அனுப்பும் நாடி, நடை, தூக்கம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சேர்த்துப் பார்த்து, திங்கட்கிழமைதோறும் ஒரு வரிசை போடும். மோசமானவர் மேலே, தேறியவர் கீழே. மூன்று வாரத்துக்கு முன்னால் டிரைவர் ஒன்பதாவது. போன திங்கட்கிழமை நாற்பத்தொன்று.

கம்ப்யூட்டர் தேறிவிட்டார் என்கிறதே, மூச்சு மட்டும் ஏன் இன்னும் இழுக்கிறது என்று ஒரு வாரமாக அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். விடை தம்பியின் மணிக்கட்டில் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"தினமும் பதினோராயிரம் அடி நடந்தார்னு என் போன்ல வந்துச்சே. அதெல்லாம் நீ பார்சல் தூக்கிட்டு ஏறின படியாடா?"

பம்பரம் தலையைக் குனிந்துகொண்டான்.

"சலவைக்கூடம் பூரா காட்டினேன். எங்க வீட்டுக்காரர் தேறிட்டார், பார்க்குல நடக்கறார்னு. சூப்பர்வைசர் எழுந்து வந்து கை கொடுத்தார். நான் வெட்கங்கெட்டுப் போய் கையை நீட்டினேன்!"

"பார்க்குன்னு நான் சொல்லலையேம்மா," என்றார் டிரைவர்.

"இல்லைன்னு சொன்னீங்களா?"

"உன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தப்போகூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. சொல்ல வாய் வரலை."

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க? ஒரு காரணம் சொல்லுங்க. நானும் மனசைத் தேத்திக்கறேன்."

"உன் வலது கையைக் காட்டு."

அவள் காட்டவில்லை. சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். ஆனாலும் மூன்று பேருக்கும் அந்தத் தழும்பு தெரியும்.

அந்தப் பட்டையில் ஒரு வசதி உண்டு. நோயாளி ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் வீட்டார் போனுக்குச் செய்தி போகும். 'உங்கள் அன்புக்குரியவர் அசைவின்றி இருக்கிறார். கவனிக்கவும்.' சலவைக்கூடத்தில் மேலங்கிப் பைக்குள் போன் அதிரும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். ஒருநாள், ஒரு கையால் போனை எடுக்கப்போய், இன்னொரு கை நீராவி இஸ்திரியின் தட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

"அந்த நேரத்துல நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? பேப்பரை மடியில போட்டுக்கிட்டுத் தூங்கிட்டிருந்தேன். நல்ல தூக்கம். நான் தூங்கினதுக்கு உன் கை வெந்துச்சு. மறுநாளே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கட்டிக்கடான்னேன். ஓடற கையில இருந்தா கத்தாது பாரு."

"எனக்கும் அதுல ஒரு நியாயம் இருந்துச்சுக்கா," என்று பம்பரம் ஆரம்பித்தான். "நான் நாலு நிமிஷம் உட்கார்ந்தா என் கம்பெனி போனும் கத்தும். அது உட்காராதேங்குது, இதுவும் உட்காராதேங்குது. ஒரே ஓட்டத்துல ரெண்டு வாயையும் அடைச்சுடலாமேன்னு…"

"சிரிச்சே, அறைஞ்சுடுவேன்."

அவன் சிரிப்பை விழுங்கினான். அவளே பட்டையைப் பிடித்துக் கழற்றினாள். கொக்கி கடைசி ஓட்டையில் இருந்தது.

"கடைசி ஓட்டையா? இவ்வளவு இளைச்சிட்டியா?"

"ஓடற உடம்புக்கா. எங்கே ஒட்டும்?"

அவள் அதைக் கணவர் கையில் கட்டினாள். முதல் ஓட்டையில்கூட இறுக்கமாக இருந்தது. வீங்கிய கை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பக்கத்துல படுத்துக்கிட்டு உங்க மூச்சு இழுக்கறதைக் கேட்டிருக்கேன். காலையில எழுந்து போனைப் பார்த்தா எல்லாம் சரின்னு பச்சைக் கோடு. சரி, நமக்குத்தான் காது கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். என் காதை நம்பலை. கோட்டை நம்பினேன்."

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிளம்புங்க," என்றாள். "ரெண்டு பேரும்தான். போய் உண்மையைச் சொல்லிடலாம். காலைப் பிடிச்சாவது பழைய ஒன்பதாம் நம்பரை வாங்கிட்டு வந்துடலாம்."

நான்கு மாடி. டிரைவர் இறங்கி முடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "ஸ்டாப்பிங்," என்றார். மூன்றாவது ஸ்டாப்பிங்கில் அந்த ஜோக்கும் நின்றுவிட்டது.

*

இருதயப் பிரிவின் பட்டியல் கவுன்ட்டர் இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். நெஞ்சு நோய்க்காரர்களின் கவுன்ட்டரைப் படிக்கு மேலே கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஏறிட்டு வாங்க," என்று டிரைவர் கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்களை ஆயுசு பூரா பார்த்தாச்சு. பெஞ்சுல உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியுது, டிரைவர்களை ஏன் அவ்வளவு திட்டினாங்கன்னு."

அவள் முன்னால் ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் பின்னால் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், பம்பரம் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"லேஸ் அவுந்துடுச்சு. நீ போக்கா, வரேன்."

அவள் நாலு படி ஏறினாள். அப்புறம்தான் உறைத்தது. அவன் ஷூவில் லேஸே கிடையாது. காலை நுழைத்தால் போதும் என்கிற ரகம்.

திரும்பிக் கேட்பதற்குள் அவன் எழுந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி அவளைத் தாண்டிப் போய்விட்டான். நெற்றி வேர்த்திருந்தது.

கவுன்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாள் இருந்தாள். வாரம் தவறாமல் வந்து நிற்கும் குடும்பங்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர், 'பட்டியல் அம்மா'. கெட்டவள் இல்லை. திரையில் வருவதை வாசித்து வாசித்துக் குரல் மரத்துப்போனவள்.

இன்றைக்கு அவளே கையசைத்துக் கூப்பிட்டாள்.

"வாங்கம்மா, வாங்க! டிரைவர் வீட்டுக்காரம்மாதானே? நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். இப்பத்தான் பட்டியல் வந்துச்சு."

"ஐம்பதுக்குப் போயிட்டாரா?"

"ஐம்பதா? ஒண்ணு!"

அவளுக்குப் புரியவில்லை.

"ஒண்ணாவது இடம்மா. வியாழக்கிழமை காலையில படுக்கை ரெடி. இந்த மாதிரி ஒரே வாரத்துல ஏறினதை நான் பார்த்ததே இல்லை."

"எப்படி…?"

பட்டியல் அம்மா திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். "நடை நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் போன வாரம் கீழே தள்ளிடுச்சு. ஆனா செவ்வாய்க்கிழமையிலேருந்து நாடி சரியில்லைம்மா. பகல் ரெண்டு மணிக்கு மேல நின்னு நின்னு துடிக்குது. மூணு செகண்ட், நாலு செகண்ட் நிக்குது, அப்புறம் துடிக்குது. செவ்வாய் ஆறு தடவை. புதன் ஒன்பது. வெள்ளி மூணரை மணிக்கு மேல மட்டும் பதினாலு தடவை. இப்படி நிக்கற நெஞ்சு ஒருநாள் நின்னது நின்னபடியே இருந்துடும். அதுதான் தூக்கி மேல போட்டிருக்கு."

அவள் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை மூணரைக்கு எங்கடா இருந்தே?"

"எங்கேயோ இருந்தேன். அதை எதுக்கு இப்ப?"

"எங்கடா இருந்தே?"

"அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துல. லிப்ட் ஓடலை." குரல் இறங்கியது. "வெயில்ல லேசா கண்ணை இருட்டுச்சு. பார்சல் மேலயே கொஞ்சம் உட்கார்ந்தேன். கம்பெனி போன் கத்துச்சு, எழுந்துட்டேன். அவ்வளவுதான்."

பட்டியல் அம்மா இதைக் கேட்டாளா, கேட்காதது போல இருந்தாளா, தெரியவில்லை. கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளினாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பட்டையை உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் கட்டியிருந்தார்னு உறுதி கொடுக்கணும். சும்மா வழக்கமான தாள்தான்."

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேட்கறேன். தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை… பட்டை வேற கையில இருந்திருந்தா?"

பம்பரம் அவள் முழங்கையை இடித்தான். பட்டியல் அம்மா முதல் தடவையாகத் திரையை விட்டு அவர்கள் இருவரையும் முழுசாகப் பார்த்தாள். அவன் மணிக்கட்டில் பட்டை அழுத்திய தடம், வெளுத்த வளையமாக, அப்படியே இருந்தது.

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பொதுவா கேட்கறீங்கன்னு வச்சுக்கறேன். பொதுவா சொல்றேன். கம்ப்யூட்டருக்குக் கை தெரியாதும்மா. நாடிதான் தெரியும். வேற ஆளோடதுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, அந்த நாடி அந்த ஆள் பேருக்குப் போயிடும். படுக்கையும் கூடவே போயிடும். பழைய ஆளோட ஆஸ்பத்திரிக் கார்டை மூடிடுவாங்க. முதல்லேருந்து முப்பது நாள் பட்டை கட்டி, அப்புறம்தான் வரிசைக்கே வரணும்."

"எழுதிக் கொடுக்கலைன்னா?"

"படுக்கை பழைய ஆளுக்கு. அந்த இன்னொருத்தர் புதுசா கார்டு போடணும். அவருக்கும் முப்பது நாள்."

"அவசரப் பிரிவுக்குப் போனா?"

"தூக்கிட்டு வந்தா உடனே எடுத்துக்குவாங்க. நடந்து வந்தா வாசல்லயே ஒரு பெட்டி இருக்கு, விரலை வைக்கச் சொல்லும். அந்த ஒரு நிமிஷம் நாடி ஒழுங்கா ஓடினா வீட்டுக்குப் போன்னு சீட்டு வந்துடும்."

"பழைய ஒன்பதாம் நம்பர்…"

"ஒன்பதா? அந்தப் பட்டியல்ல பன்னிரண்டு வரைக்கும் போன வாரமே ஆபரேஷன் முடிஞ்சுதேம்மா. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு."

பட்டை கை மாறாமல் இருந்திருந்தால் அவரும் வீட்டுக்கு வந்திருப்பார். இந்த நேரத்துக்கு மெத்தையில் சாய்ந்துகொண்டு, கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

"டாக்டரைப் பார்த்து வாயால சொன்னா?"

"டாக்டருக்கும் இந்தத் திரைதாம்மா வரும்." பட்டியல் அம்மா பேனாவையும் வெளியே தள்ளினாள். "பன்னிரண்டு மணிக்கு நான் கவுன்ட்டரை மூடணும். அதுக்குள்ள தாள் வரலைன்னா படுக்கை தானாவே ரெண்டாவது ஆளுக்குப் போயிடும். நான் பிடிச்சு வைக்க முடியாது. ஏன்னு என்னைக் கேட்காதீங்க. அது சொல்றதை வாசிக்கத்தான் என்னை உட்கார வச்சிருக்காங்க."

சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது.

*

முதல் மாடித் திருப்பத்தில், அவன் முன்பு உட்கார்ந்த அதே படியில், அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள்.

"கையெழுத்தைப் போடுக்கா."

"வாயை மூடு."

"மாமாவால நாலு மாடி இறங்க முடியலை. கண்ணால பார்த்தேல்ல? இன்னும் முப்பது நாள், அப்புறம் வரிசை வேற. தாங்குவாரா? எனக்கு வெயில். தண்ணி குடிக்காம ஓடினா யாருக்கும்தான் கண்ணை இருட்டும்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"ஏன், சொல்லலையா? மூணு வாரமா மாமா பதினோராயிரம் அடி நடக்கறார்னு சொல்லுச்சே. அதை நீ நம்பலை?"

அவள் அவன் கையை இழுத்து, மணிக்கட்டில் விரலை வைத்தாள். எங்கே தொட வேண்டும் என்று சரியாகத் தெரியாது. சின்னவனாக இருந்தபோது ரோட்டைக் கடக்க அவன் கையை எப்படிப் பிடிப்பாளோ, அப்படித்தான் பிடித்தாள். தேடித் தேடி ஓரிடத்தில் அது கிடைத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"பாரு, நல்லாத்தானே இருக்கு? அடிச்சுத் தூள் கிளப்புது!"

"பேசாம இரு."

ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து வரவில்லை.

படியில் யாரோ ஏறிப்போனார்கள். கீழே எங்கோ ஒரு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் விரலுக்கடியில் ஒன்றும் இல்லை. அவள் தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு ஒரு உதை. பத்து.

அவள் முகத்தைப் பார்த்ததும் பம்பரம் கையை உருவிக்கொண்டான்.

"அது… சில சமயம் அப்படி வரும். அப்புறம் சரியாயிடும்."

"எத்தனை நாளா?"

அவன் எழுந்து சட்டைக் கையை இறக்கி, பொத்தான் போட்டான். "மாமாகிட்ட ஒரு வார்த்தை வரக்கூடாது. அவருக்குத் தெரிஞ்சா படுக்கையிலயே படுக்க மாட்டார். அந்த மனுஷனைப் பத்தி உனக்குத் தெரியாதா? என் மேல சத்தியம் பண்ணு."

"உன் மேலயா? நல்ல ஆளைப் பார்த்துச் சத்தியம் கேட்கறே போ."

சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் அந்தத் தாள் இருந்தது. கையெழுத்துக்கான கோட்டின் மேல், அவள் கட்டைவிரல் வியர்வை பட்டு, ஒரு சின்ன ஈரம்.

அவனுக்கு முப்பத்துநான்கு வயது. அவருக்கு ஐம்பத்தாறு. இந்தக் கணக்கெல்லாம் தன் மனசுக்குள் ஓடுவதைக் கண்டு அவள் திடுக்கிட்டாள். மேலே ஒரு கம்ப்யூட்டர் வரிசை போடுகிறதென்றால், இங்கே படியில் உட்கார்ந்துகொண்டு அவளும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்?

கீழே இறங்கினார்கள். பெஞ்சில் டிரைவர் அப்படியே இருந்தார். பட்டை கட்டிய கையை மடியில் வைத்து, பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

"என்னம்மா, திட்டினாங்களா? நாற்பத்தொண்ணா, அதுக்கும் கீழயா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பம்பரம் முந்திக்கொண்டான். "ஒண்ணு, மாமா! ஒண்ணாவது நம்பர்! வியாழக்கிழமை படுக்கை! அக்கா ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது!"

"ஒண்ணா?"

"ஒண்ணேதான்!"

டிரைவரின் முகம் மலர்ந்தது. மூன்று மாசமாகக் காணாத முகம் அது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரிடம் திரும்பி, "கேட்டீங்களா, ஒண்ணாவதாம்!" என்றார். மனைவியின் தழும்புக் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் சொன்னேனே, எல்லாம் ஒரு வழிக்கு வரும்னு. நீ வீணா காலையிலேருந்து…"

பாதியில் நிறுத்தினார்.

இருபத்தெட்டு வருஷம் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துப் பார்த்தே வண்டி ஓட்டியவர். அவர் பார்வை மனைவியின் முகத்துக்குப் போனது. அவள் கையில் இருந்த தாளுக்கு, வெறுமையாக இருந்த கோட்டுக்குப் போனது. பிறகு மெதுவாக, பொத்தான் போட்ட அந்தச் சட்டைக் கையில் வந்து நின்றது.

ஹாலின் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பதினான்கு நிமிஷம் இருந்தது.

அவர் மனைவியின் கையை விட்டார்.

"மோசமானவங்களைத்தானே மேல ஏத்துவாங்க? ஆனா இந்த மூணு வாரமும் பட்டை என் கையில இல்லையே, மாப்பிள்ளை."